பட்டப்பகலில் எல்லா விளக்கும்

முள் ஏறிக்கொண்டிருந்தது. அது இறங்குவதைக் கரண்டக்கா பலமுறை பார்த்திருக்கிறாள். இறங்கினால் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், யாரைத் திட்ட வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் மீட்டரின் முள் இப்படிச் சிவப்புக் கோட்டைப் பார்த்து நகர்வது இதுதான் முதல்முறை.

மலைமேல் ஓடையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. குழாய் வழியே விழும் தண்ணீர் உள்ளே இருக்கும் சக்கரத்தைச் சுற்றும். அதில் பிறப்பதுதான் ஊருக்கே மின்சாரம். அதைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அதனால் ஊருக்கு அவள் கரண்டக்கா. நாலு பேர் முன்னால் புருஷனே அப்படித்தான் கூப்பிடுவான்.

காலையில்தான் நர்ஸம்மாவின் அறைக்கு ஊசிமருந்து வைக்கிற ஃப்ரிட்ஜ் ஜீப்பில் வந்து இறங்கியிருந்தது. கூடவே வந்த டெக்னீஷியன் கறாராகச் சொல்லிவிட்டார். சாயங்காலம் வரை கரண்ட் ஏறாமல் இறங்காமல் நின்றால் ஃப்ரிட்ஜ் இங்கே. இல்லையென்றால் அடுத்த ஊருக்கு. போன தடவை தச்சரின் ரம்பமும் மாவு மில்லும் ஒரே நேரத்தில் ஓடி, முள் தொபுக்கென்று விழுந்து, வந்த ஃப்ரிட்ஜ் வந்த வழியே போய்விட்டது. அதற்கப்புறம் தன் கைக்குழந்தைக்கு ஊசி போட மலை இறங்கி, பஸ் பிடித்துப் போய் நின்றால், “மருந்து தீர்ந்துபோச்சும்மா, அடுத்த வாரம் வா” என்றார்கள். திரும்பி ஏறும்போது இடுப்பில் குழந்தை சிரித்துக்கொண்டு வந்தது. அவளுக்குத்தான் அழுகை முட்டியது.

இந்தத் தடவை விடக் கூடாது. விடிந்ததும், ஜீப் வருவதற்கு முன்பே, ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டாள்: “இன்னிக்கு ஒரு நாள் கரண்ட்டைக் கொஞ்சம் குறைச்சுப் புழங்குங்க.” பாதிப் பேர் கேட்பார்கள், பாதிப் பேர் காதில் வாங்க மாட்டார்கள், அதுதான் இந்த ஊர், அந்தப் பாதியே போதும் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கில் மாமியாரைச் சேர்க்க மறந்துவிட்டாள். சிக்கனம் என்ற சொல் காதில் விழுந்தாலே மாமியாருக்குப் பத்து வயது குறைந்துவிடும். வீடு வீடாகப் போயிருப்பாள். ஒரு குண்டூசி வெளிச்சம்கூட மிச்சம் வைத்திருக்க மாட்டாள்.

ஊர் வேண்டாம் என்றதற்காகத் தண்ணீர் குறைத்து விழுமா? பிறக்கிற மின்சாரம் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும். மிஞ்சுவதைக் குடிக்கத் தொட்டியில் இரண்டு ஹீட்டர் கம்பிகள் உண்டு. அதில் ஒன்று போன வாரம் செத்துப்போனது. புதுசு இன்னும் வரவில்லை. மிச்சமிருந்த ஒற்றைக் கம்பி தொட்டித் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் வரும் குழாயின் வால்வு பாதி மூட இடம் கொடுக்காது. முழுசாக மூடினால் கரண்டே இல்லை. மாமியாருக்கு போன் போட்டாள். சிக்கனம்! அதையும் அணைத்து வைத்திருந்தாள்.

ஓடினாள்.

நர்ஸம்மா வாசலில் டெக்னீஷியன், தான் கொண்டுவந்த மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டு, பிளக்கில் கை வைத்தபடி நின்றார். “இன்னும் கொஞ்சம் ஏறினா நான் பிடுங்கிடுவேன், மேடம். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க.”

“தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்துடறேன் சார். அதுவரைக்கும் பிடுங்காதீங்க!”

தெரு மூச்சுவிடாமல் கிடந்தது. மில்லில் பூட்டு, மில்காரன் லீவு கிடைத்த சந்தோஷத்தில் சந்தைக்குப் போயிருந்தான். தச்சர் வியர்வை சொட்ட, கையால் மரம் அறுத்துக்கொண்டிருந்தார். தெருமுனையில், பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியார் காவல் நின்றாள்.

“அத்தை, எல்லாத்தையும் போடச் சொல்லுங்க! லைட்டு, ஃபேன், ரம்பம், எல்லாத்தையும்!”

“நட்ட நடு மத்தியானத்துல லைட்டா? காலைல குறைன்னே, இப்ப போடுன்றே. வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா?”

“நீங்க இவ்வளவு சுத்தமா அணைப்பீங்கன்னு நான் கண்டேனா? அத்தை, பத்துப் பேருக்கு வடிச்ச சோறை ஒருத்தன் வாயிலேயே திணிச்சா என்ன ஆகும்?”

“வயிறு வெடிச்சுடும்.”

“அந்த ஒருத்தன்தான் இப்ப நம்ம ஃப்ரிட்ஜ். மிச்சமெல்லாம் வீணாப்போகுது.”

மாமியாரின் முகம் மாறிவிட்டது. “வீணாப்போகுதா? அதை முதல்ல சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!” குழந்தையை மருமகள் கையில் திணித்தாள். அப்புறம் அவள் போட்ட சத்தத்தில் அடுத்த மலையிலேயே விளக்கு எரிந்திருக்கும். “போடுங்கடி எல்லாத்தையும்! ஒருத்தி வீட்ல இருட்டைப் பார்த்தேன், அவ்வளவுதான்!”

உச்சி வெயிலில் ஊர் விளக்கேற்றியது. தெருவிளக்கு, வாசல் விளக்கு, குளியலறை விளக்கு. தச்சரின் ரம்பம் ஊளையிட்டது. போதவில்லை. இப்போது வருகிற பல்புகள் கொசு குடிக்கிற அளவுதானே குடிக்கும். மாமியார் வீட்டுக்குள் போய், கவர் பிரிக்காத ஓர் அயர்ன் பாக்ஸோடு வந்தாள். யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்தது. கரண்ட் ஆகும் என்று இத்தனை வருஷமாக அதைத் தொட்டதில்லை. எதிர்வீட்டிலிருந்து ஒன்று, டெய்லர் கடையிலிருந்து ஒன்று. மூன்றையும் நர்ஸம்மா அறை வராந்தாவுக்கே கொண்டுவந்தார்கள். புடவை, வேட்டி, தலையணை உறை என்று தேய்க்க ஆரம்பித்தார்கள்.

முள் தயங்கியது. நின்றது. மெல்ல இறங்கியது.

“சரியா நிக்குது,” என்றார் டெக்னீஷியன் நம்ப முடியாமல். “ஆனா சாயங்காலம் வரைக்கும் நிக்கணுமே?”

“நிக்கும். நான் நிக்கும்போது அது நிக்காதா?” என்றாள் மாமியார்.

கரண்டக்கா குழந்தையோடு ஃப்ரிட்ஜ் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே குளிர் இறங்க இறங்கக் கதவில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். குழந்தையின் கன்னத்தையும் வைத்தாள்; அது சிலிர்த்துச் சிரித்தது. வெளியே ஜன்னல் திரைச்சீலை முடிந்து, கரித்துணி முடிந்து, சாக்கும் முடிந்தது. ஊரில் இனிமேல் தேய்க்கத் துணி இல்லை. முள் மறுபடி லேசாக ஆடியது.

மாமியார் நிமிர்ந்தாள். சுற்றிலும் பார்த்தாள். பார்வை டெக்னீஷியன் மேல் வந்து நின்றது.

“ஏன் தம்பி, ஆபீஸ்ல வேலை பார்க்கிறவரு, இப்படிக் கசங்கின சட்டையோடயா ஊர் ஊராப் போறது? கழட்டுங்க.”

அவர் முள்ளைப் பார்த்தார். ஃப்ரிட்ஜைப் பார்த்தார். தெரு நெடுக வெயிலோடு போட்டி போட்டுக்கொண்டு எரியும் பல்புகளைப் பார்த்தார். பிறகு பிளக்கிலிருந்து கையை எடுத்து, மேல் பொத்தானை அவிழ்க்க ஆரம்பித்தார்.