கோர்ட்டில் பாஸான அண்ணன்

ஊர் சிரித்துவிட்டால் உயிரே போய்விடும் வைகுண்டராஜுக்கு. அண்ணன் சோலைராஜுக்கோ ஐம்பது வயதிலும் ஏழு வயதுப் பிள்ளையின் புத்திதான். கல்யாண வீடுகளில் அவரிடம் யார் என்ன கேட்டாலும் தம்பி முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவான். முப்பது வருஷப் பழக்கம்.

சோழபுரத்து மாந்தோப்பு இருவர் பேரிலும் இருந்தது. அதை விற்று ராஜபாளையத்தில் விசைத்தறி போட வேண்டும் என்று வைகுண்டராஜுக்கு ஆசை. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட அண்ணன் தயார்தான். ஆனால் பத்திர ஆபீசில், "கடைசி மரம் கிளிகளுக்கு. அதையும் எழுதிக்கிடுங்க" என்று அவர் சொல்லிவைக்க, சார்பதிவாளர் பேனாவை மூடிவிட்டார். சுயமாக முடிவெடுக்க முடியாதவருக்குக் கோர்ட்தான் கார்டியன் வைக்க வேண்டும் என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல் ஐயாதுரை மனுப் போட்டார். ஜட்ஜ் என்னென்ன கேட்பார் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். அண்ணனை இருக்கிறபடியே கூட்டி வாருங்கள், அவர் திணறினால்தான் மனு நிற்கும் என்று படித்துப் படித்துச் சொன்னார்.

வைகுண்டராஜ் தலையாட்டினான். ஆனால் அத்தனை ஜனத்துக்கு முன்னால் அண்ணன் திருதிருவென்று முழிப்பதா? மனசு கேட்கவில்லை. அந்தத் தாளை வைத்தே பத்து நாள் பாடம் நடத்தினான். பஸ்ஸில்கூட விடவில்லை.

கிழமை, மாசம், ஊர், ரூபாய்க்கு எத்தனை பைசா என்று ஜட்ஜ் கேட்கக் கேட்க, சோலைராஜ் பிசகாமல் ஒப்பித்தார். வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். வைகுண்டராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. வந்த காரியமே மறந்துபோனது.

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். தோப்பை விற்க உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார்.

தாளில் அது இல்லை. சோலைராஜ் தம்பி பக்கம் திரும்பினார்.

"இதை நீ சொல்லித்தரலையே தம்பி."

கோர்ட்டே சிரித்தது. அந்தச் சிரிப்பு வைகுண்டராஜ் காதில் விழவில்லை. அந்தக் கேள்வியை அண்ணனிடம் அவனும் ஒருநாளும் கேட்டதில்லை. சம்மதம் என்று சொல் என்றால் சொல்லிவிடுவார்; தறிக்கொட்டகையும் எழும்பிவிடும். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுண்ணே."

சோலைராஜ் ஜட்ஜை நிமிர்ந்து பார்த்தார்.

"வேண்டாங்கய்யா. வித்துட்டா விடிஞ்சதும் நான் எங்க போவேன்?"

பிறகு குனிந்து தம்பியிடம் மெதுவாகக் கேட்டார். "சரியாச் சொன்னேனா?"

சரிதான் என்று வைகுண்டராஜ் தலையாட்டினான். வக்கீலைப் பார்க்காமலே எழுந்து, மனுவைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஜட்ஜிடம் கேட்டான்.