நீண்ட ஜெபமும் சிவப்பு நூல்கண்டும்

தூங்கும் சபையைத் தட்டியெழுப்பும் எழுப்புதல் என்பது மேல்வீட்டறையில்தான் பிறக்கும். அரண்மனையில் பிறக்காது, சந்தையிலும் பிறக்காது. கொஞ்சம் பேர் கூடி, கதவைச் சாத்தி, கண்ணை மூடிக் காத்திருக்கிற ஒரு மேல்வீட்டறை போதும், உலகமே அசைந்து கொடுக்கும். சனிக்கிழமை மாலைதோறும் வாலிபர் ஐக்கியத்தின் தலைவர் இப்படிச் சொல்லித்தான் கூட்டத்தைத் தொடங்குவார். ஆலய மாடியிலிருந்த அவருடைய மேல்வீட்டறையில் இதுவரை பிறந்தது தும்மல் மட்டும். ஆலயத்தில் கழித்துப் போட்ட கம்பளங்களை எல்லாம் சுருட்டி அங்கேதான் சாத்தி வைத்திருந்தார்கள்.

தலைவர் வார நாட்களில் பெயிண்ட் கடை மேலாளர். ஒரு சுவரைப் பார்த்தாலே அது எத்தனை டப்பா குடிக்கும் என்று சொல்லிவிடுவார். மனிதர்களைப் பார்த்துச் சொல்ல அந்தக் கண் உதவவில்லை. "தரிசனம் இல்லாத ஊழியம் ஊழியமே இல்ல" என்று மூச்சுக்கு ஒருதரம் சொல்வதால் பிள்ளைகள் அவருக்குத் தரிசனம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் வந்திருந்தது. மரியாதையில் வைத்த பெயர் என்று நினைத்துக்கொண்டார்.

தரிசனத்தின் ஜெபம் பேர்போனது. அறைக்காகத் தொடங்கி, தெருவைக் கடந்து, கடல் தாண்டிக் கண்டம் கண்டமாகப் போவார். ஆட்சியாளர்கள், நீதிபதிகள், விமானிகள், மாலுமிகள், கலங்கரை விளக்கத்தில் தனியாக இருப்பவர்கள் என்று ஒருவரையும் விடமாட்டார். கண்ணை இறுக்கி மூடி, கையை உயர்த்திவிட்டால் இடி விழுந்தாலும் திறக்கமாட்டார்.

ஒரு சனிக்கிழமை இடி விழவில்லை, கம்பளத் தூசி விழுந்தது. மூன்றாவது கண்டத்தில் இருந்தபோது போட்ட தும்மலில் கண் திறந்துவிட்டது. சுற்றிலும் நாற்காலிகள் காலி. அவருடைய அக்கா மகள் மட்டும் போனைத் தடவிக்கொண்டு, கட்டைக் குரலில் ஒரு "ஆமென்" சொன்னாள். அடுத்து கீச்சுக் குரலில் ஒன்று.

"எங்கடி எல்லாரும்?"

"பாத்ரூம் மாமா."

"எல்லாருமா?"

"ஐக்கியமா போயிருக்காங்க."

"நீ எதுக்கு ரெண்டு குரல்ல ஆமென் சொல்ற?"

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "இன்னிக்கு எனக்கு ஆமென் டூட்டி. போன வாரம் பார்சலுக்கு. அவன் மூணு குரல்ல சொல்வான் மாமா, நீங்க கேட்டிருக்கணும்."

பார்சல் என்பது வீடு வீடாகப் பொட்டலம் கொண்டு கொடுக்கிற வேலையில் இருந்த பையன். ஐக்கியத்தில் அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை.

"கேட்டேன். சபை எவ்வளவு உற்சாகமா இருக்குன்னு நினைச்சேன்" என்றார் தரிசனம்.

"ஜெபத்தைக் கொஞ்சம் சுருக்குங்களேன் மாமா. மிச்ச நேரம் எங்களைப் பேச விடுங்க."

"சுருக்கறதா? தண்ணியில போட்டா சுருங்கறதுக்கு அது என்ன துணியா?"

மறுநாள் ஆராதனை முடிந்ததும் போதகர் அவரைத் தூணோரமாக ஒதுக்கினார்.

"பிரதர், வாலிபர் கூட்டம் மாடியில நடக்குதா, மாடிப்படியில நடக்குதா? வர்ற சனிக்கிழமை நானே வந்து உக்கார்றேன். பார்த்துட்டு, பொறுப்பை நம்ம பல் டாக்டர் சிஸ்டர்கிட்ட குடுக்கலாமான்னு யோசிப்போம். உங்களுக்கும் ஓய்வு வேணுமில்ல?"

அந்தச் சபையில் ஒருவருக்கு ஓய்வு வேண்டும் என்று போதகர் சொல்லிவிட்டால், அவர் அடுத்த வாரம் கார் நிறுத்துமிடத்தில் விசிலோடு நிற்பார். பாடகர் குழுவின் பழைய தலைவர் இன்னும் அங்கேதான் ஊதிக்கொண்டிருந்தார்.

தரிசனம் வாரம் முழுக்க வழி தேடினார். கடைசியில், தலைவர்களுக்கான பயிற்சி முகாமில் கற்ற ஒரு விளையாட்டு கைகொடுத்தது. வட்டமாக உட்கார்ந்து, தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி, நூல்கண்டை அடுத்தவருக்கு வீச வேண்டும். வீசுகிறவர் தன் பங்கு நூலைப் பிடித்துக்கொள்வார். முடிவில் நடுவே ஒரு வலை விழும். ஒருவரையொருவர் அறிய முகாமில் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். தரிசனம் அதில் ஒரு திருத்தம் செய்தார். ஜெபம் முடியும்வரை நூலை யாரும் விடக்கூடாது. யார் நழுவினாலும் நூல் தொய்யும். கண் மூடியிருந்தாலும் கை பார்த்துக்கொள்ளும்.

மனைவியின் பின்னல் கூடையிலிருந்து சிவப்புக் கம்பளி நூல்கண்டை எடுத்தபோது மாட்டிக்கொண்டார்.

"அது உங்க ஸ்வெட்டர்தாங்க. ஒரு கை இன்னும் பாக்கி."

"ஊழியத்துக்காக ஒரு கை போனா போகட்டும்."

"போகும், போகும். குளிர்ல விறைக்கும்போது ஊழியம் வந்து போர்த்திவிடும்" என்றாள் அவள்.

சனிக்கிழமை போதகர் சொன்னபடி வந்து, வட்டத்தில் ஒரு நாற்காலியில் அமர்ந்தார். நூல்கண்டு முதலில் பார்சலிடம் போனது.

"நான் பார்சல். ஆனா இப்ப பார்சல் இல்ல, ஏன்னா..."

"அருமை! அருமை! வீசுப்பா, நேரம் போகுது!" என்றார் தரிசனம். ஜெபத்துக்கு நேரம் குறைந்துவிடுமே என்று அவருக்குப் பதைப்பு.

நூல்கண்டு போதகர் மடியில் போய் விழுந்தது. "நான் போதகர்" என்றார் அவர். "தெரியும் பாஸ்டர்!" என்று அறை கூவியது. அவரும் சிரித்துவிட்டார். நல்ல சகுனம் என்று தரிசனம் எண்ணி, சகுனம் பார்ப்பது விசுவாசிக்குத் தப்பு என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வலை விழுந்தது. நூலின் நுனியைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, "பிரியமானவர்களே, இதுதான் ஐக்கியம். யாரும் அறுத்துடாதீங்க. ஜெபிப்போம்" என்று கண்ணை மூடினார்.

ஆரம்பத்தில் நூல் அங்கும் இங்கும் லேசாக இழுபட்டது. பிள்ளைகளுக்குள் ஏதோ அசைகிறது என்று அவர் உருகினார். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்று, நூல் விறைப்பாகி, இம்மியும் ஆடவில்லை. இப்படி ஓர் அமைதியை அந்த அறை கண்டதே இல்லை. போதகர் வேறு கேட்டுக்கொண்டிருக்கிறார். தரிசனம் வழக்கமான கண்டங்களோடு தீவுகளையும் சேர்த்தார், துருவங்களில் ஆராய்ச்சி செய்கிறவர்களைச் சேர்த்தார். சரியான இடைவெளியில் "ஆமென்", "ஆமென்" என்று கட்டையும் கீச்சுமாகக் குரல்கள் தாங்கிப் பிடித்தன. தொண்டை வறண்ட பிறகே முடித்தார்.

கண்ணைத் திறந்தார். வட்டமாக நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலியின் கைப்பிடியிலும் சிவப்பு நூல் முடிச்சு. அக்கா மகளின் நாற்காலியில் அவளுடைய போன் மட்டும் உட்கார்ந்திருந்தது.

"ஆமென்" என்றது போன்.

போதகரின் நாற்காலியைப் பார்த்தார். அதிலும் நூல்தான் இருந்தது.

கீழேயிருந்து பேச்சுக் குரல் வந்தது. நூல் இன்னும் மணிக்கட்டில் இருப்பதை மறந்து, தரிசனம் வாசலைத் தாண்டி, மாடிப்படியின் திருப்பத்தில் நின்று எட்டிப் பார்த்தார். கீழ்ப்படிகளில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பார்சல் பேசிக்கொண்டிருந்தான்.

"வேலை போயி ஒரு மாசமாச்சு. வீட்ல சொல்லல. தினமும் பையை மாட்டிக்கிட்டு கிளம்பி, பார்க்ல உக்காந்துட்டு வர்றேன். அங்க இருக்கற புறாவுக்கெல்லாம் என்னைத் தெரியுது. ஆண்டவருக்குத் தெரியுமான்னுதான் தெரியல."

"அம்மாகிட்ட சொல்லிடுடா. நான் கூட வர்றேன்" என்றாள் அக்கா மகள். "திட்டினா என்னைக் காட்டிவிடு. எனக்குப் பழக்கம்."

யாரோ, "ஆண்டவரே, இவனைப் பார்த்துக்கங்க. இவன் அம்மாவையும் பார்த்துக்கங்க. ஆமென்" என்றார்கள். ஜெபம் அவ்வளவுதான். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அதில் ஒரு குரல் ஞாயிற்றுக்கிழமைக் குரலாக இருந்தது. கவிழ்த்துப் போட்ட வாளிமேல் போதகர் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் டீ, மறு கையில் பிஸ்கட்.

துருவம்வரை போய் வந்த மனிதருக்கு, எதிர் நாற்காலிப் பையனுக்கு வேலை போனது தெரியவில்லை. முகம் சுண்டிப்போய் ஒரு படி இறங்கினார். மேலே நூல் இழுபட்டது. முதல் நாற்காலி வாசலில் தலைநீட்டியது, அடுத்தது அதை முட்டியது. பிறகு ஐக்கியம் மொத்தமும் தடதடவென்று படியில் உருண்டு வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். போதகர் சட்டையில் இருந்த பிஸ்கட் தூளைத் தட்டினார்.

"பிரதர்... நான் சும்மா... கொஞ்சம் காத்து வாங்கலாம்னு..."

"எதுவரைக்கும் இருந்தீங்க ஐயா?"

"ரெண்டாவது கண்டம்" என்றார் போதகர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப என் ஓய்வு?"

"ஓய்வா? யாருக்கு?" போதகர் பதறினார். "நீங்களே நடத்துங்க பிரதர்! பல் டாக்டர் சிஸ்டருக்கு நேரமே இல்லியாம். உங்க ஜெபம் ரொம்ப... விசாலமா இருந்தது." டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தமக்கு வேறொரு கூட்டம் இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். வேறு கூட்டம் எதுவும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

தரிசனம் படியிலேயே உட்கார்ந்தார். ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டும் போல வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டார்.

"சொல்லுடா. முதல்ல இருந்து சொல்லு. நான் கேக்கல" என்றார் பார்சலிடம்.

"கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே கேளுங்க மாமா" என்றாள் அக்கா மகள்.

"நல்லதா ஏதாவது வேலை கிடைக்கறவரைக்கும் நம்ம கடையில டப்பா தூக்குவியா?" என்று எல்லாம் கேட்ட பிறகு கேட்டார்.

"தூக்கறேண்ணே. கடையில காலையில ஜெபம் உண்டா?"

"உண்டு."

பார்சல் கொஞ்சம் யோசித்தான். "எந்தக் கண்டம் வரைக்கும்?"

சிரிப்பு அடங்கிய பிறகு பிள்ளைகளை அனுப்பிவிட்டு, தரிசனம் நாற்காலிகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினார். ஸ்வெட்டரின் ஒரு கைக்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டுமே என்று நூலை அவிழ்த்துச் சுற்றத் தொடங்கினார். பிள்ளைகள் போட்ட முடிச்செல்லாம் லேசாக இழுத்ததுமே அவிழ்ந்துகொண்டது. ஒன்று மட்டும் அசையவில்லை. நகத்தால் நெருடிப் பார்த்தார், பல்லால் கடித்துப் பார்த்தார், கடைசியில் கத்தரியால் வெட்டினார்.

போதகர் போட்டிருந்தது இரட்டை முடிச்சு.