சவுண்டுல மாத்திக்கலாம்க்கா

எங்க வீட்ல படம் பாக்கப் போறதுன்னாலே ஒரு சண்டைதான். எங்க வீட்டுக்காரரு பழனிவேலுக்குப் பேய்ப்படம்னா உசுரு. பேய் வர்றப்பல்லாம் கண்ண மூடிக்குவாரு, இடைவேளைக்கு அப்பறம் அது ஏன் பேயாச்சுன்னு பழைய கதை காட்டுவாங்கல்ல, அங்க உக்காந்து மூக்கச் சிந்திச் சிந்தி அழுவாரு. எனக்குக் காதல் படம். எங்கம்மா செல்லாயிக்குக் காமெடி, அதுவும் எவனாவது தடுக்கிக் கீழ விழணும், அப்பத்தான் சிரிப்பு வரும். என் கூடப்பொறந்த தம்பி அறிவழகன் இருக்கானே, அவன் திரில்லர் ஆளு. படம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே கொலை பண்ணது யாருன்னு தியேட்டருக்கே கேக்கற மாதிரி சொல்லித் தொலைச்சிடுவான். அந்தப் பயதான் படம் எடுக்கறேன்னு மெட்ராஸ் போயி, வருஷக்கணக்கா அல்லாடிட்டு, தாடியோட திரும்பி வந்தான்.

நான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். வீட்டுக்காரரு கடலூர் ரூட்டுல தனியார் பஸ்ஸுல கண்டக்டர். கொரோனா ரெண்டாவது அலையில, அவரே நடந்து போயிதான் ஆம்புலன்ஸுல ஏறுனாரு. "கடைய ஒழுங்கா பூட்டிட்டுப் படு ஞானாம்பா"ன்னாரு. அவ்ளோதான். கடலூர்லயே பாலித்தீன்ல சுத்தி எரிச்சிட்டாங்க. எனக்கு ஒரு போட்டோ அனுப்புனாங்க, அதுல மூஞ்சி கூடத் தெரியல.

எங்க பக்கம் புருசன் செத்தா பொண்டாட்டி தலைமாட்டுல உக்காந்து, அவரப் பேர் சொல்லி, வாழ்ந்த வாழ்க்கைய எல்லாம் சொல்லிச் சொல்லி அழுவணும். அது அவருக்குச் சேர வேண்டிய மரியாதை. எனக்குப் பொணமும் இல்ல, கட்டிப்புடிச்சி அழ வந்தவங்களும் இல்ல, தெருவ தகரம் வச்சி அடைச்சிருந்தாங்க. எல்லாம் தொறந்து விட்டப்பறம் யார்கிட்ட உக்காந்து அழுவறது? தொண்டையிலயே நின்னு போச்சி. நாலு வருஷமா சோறு எறங்கறப்பல்லாம் அதுவும் கூடவே எறங்கும்.

இது மொத்தமும் என் தம்பிக்குத் தெரியும். தெரிஞ்சிதான் வந்தான்.

"அக்கா, படம் ஆரம்பிச்சிட்டேன். ஒரு சாவு சீன் இருக்கு. நடிக்கறவங்க அழுதா பொய்யா இருக்கு. நீ வந்து அழு."

"சாவு இல்லாத வீட்ல மார்ல அடிச்சிக்கக் கூடாதுடி"ன்னு அம்மா அப்பவே தடுத்துச்சி.

"சீரியஸான படம்மா. மாமாவ மாதிரி, கடைசியா மூஞ்சி கூடப் பாக்க முடியாமப் போனவங்களப் பத்தின படம்"னான். மாமான்னு சொன்னதும் நான் விழுந்துட்டேன். வெத்து அழுகை இல்ல இது, அவருக்கு பாக்கி நிக்கிறதுதானேன்னு எனக்கு நானே நியாயம் சொல்லிக்கிட்டேன்.

கீரப்பாளையம் பக்கத்துல ஒரு காலி வீட்ல ஷூட்டிங். குறிஞ்சிப்பாடியில மொபைல் கடை வச்சிருக்கற இளவரசுன்னு ஒரு குண்டுப் பையன பெஞ்சுல படுக்க வச்சி, மாலை போட்டு, நெத்தியில காசு ஒட்டி வச்சிருந்தாங்க.

"டேய், எனக்கு அவரு பேருதான்டா வாயில வரும்"னேன்.

"வரட்டும்க்கா. இங்க எடுக்கற சத்தம் சும்மா கணக்குக்குத்தான். அப்பறம் டப்பிங்ல வேற ஆள வச்சி வேற வார்த்தை போட்டுடுவோம். எது வந்தாலும் சவுண்டுல மாத்திக்கலாம்க்கா. உன் மூஞ்சி மட்டும்தான் எனக்கு வேணும்."

நம்பினேன். வேத்தாள் யாரும் கேக்கப் போறதில்லைன்னு நம்பி உக்காந்தேன். மொதல்ல வாய் வரல. இளவரசு காலப் பாத்தேன், கட்டை வெரல கட்டியிருந்தாங்க. அவருக்கு யாரு கட்டியிருப்பான்னு நெனச்சேன், அவ்ளோதான், பிச்சிக்கிட்டு வந்துச்சி.

"நீங்க விசில் அடிச்சா நிக்கிற வண்டி, நான் கூப்புட்டா நிக்கலியே பழனிவேலு. ஊருக்கெல்லாம் டிக்கெட் போட்டீங்களே, எனக்கு ஒரு டிக்கெட் போடாம தனியா ஏறிட்டீங்களே. சட்டை நனைஞ்சா தாங்க மாட்டீங்களே, பாலித்தீன்ல சுத்தறப்ப வேர்த்திச்சா என் சாமி."

எவ்ளோ நேரம்னு தெரியாது. கண்ணத் தொறந்தப்ப கேமராக்காரன் அழுவறான். தம்பி வந்து கட்டிப்புடிச்சி, "போதும்க்கா"ன்னான். அன்னிக்கி வீட்டுக்கு வந்து, அம்மாகிட்ட ரெண்டாவது தடவையும் சோறு கேட்டு வாங்கித் தின்னேன். அவர அனுப்பி வச்சிட்டோம்னு ஒரு நிம்மதி.

படத்த மொதமொதல்ல கடலூர்ல போட்டாங்க, காலைக் காட்சி. அம்மாவக் கூட்டிக்கிட்டு பட்டுப்பொடவ கட்டிக்கிட்டுப் போனேன். ஆரம்பிச்சதுலேர்ந்தே ஜனம் சிரிக்குது. பேய் வருது, பேய் வழுக்கி விழுது. சீரியஸ் படம்னானே, போகப் போக மாறும்போலன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். என் சீன் வந்துச்சி.

என் குரல். ஒரு வார்த்தை மாத்தல. பழனிவேலுன்னு அவரு பேரு தியேட்டர் முழுக்கக் கேக்குது. விசில்னு நான் சொன்னதும் பொணமாக் கெடந்த இளவரசு வாயில விசிலோட எழுந்து உக்காந்து ஊதறான், நான் கெளம்புனப்பறம் தனியா எடுத்து ஒட்டியிருக்காங்க. இடி மாதிரி சிரிப்பு. டிக்கெட்டுன்னு நான் கதறுனா, அவன் நெத்திக் காச எடுத்து "சில்லறையா குடும்மா"ங்கறான். வேர்த்திச்சான்னு கேட்டா விசிறிய எடுத்து விசிறிக்கறான். விசிறிக்கிட்டே பெஞ்சுலேர்ந்து தொப்புன்னு கீழ விழுந்தான். பக்கத்துல எங்கம்மா சிரிச்சிடுச்சி. விழுந்தா சிரிக்கிற பொம்பளை, பாவம், பழக்கதோசம். சிரிச்சிக்கிட்டே எம்மூஞ்சியப் பாத்துச்சி, அப்படியே முந்தானைய வாயில அடைச்சிக்கிச்சி.

வெளிய வந்தா அவனச் சுத்திக் கூட்டம். கைய குடுக்கறாங்க, செல்பி எடுக்கறாங்க. சட்டையப் புடிச்சி ஓரமா இழுத்தேன்.

"சவுண்டுல மாத்தறேன்னியேடா."

"டப்பிங்குக்கு மூணு பேர வச்சிப் பாத்துட்டேன்க்கா. உன்ன மாதிரி யாருக்கும் வரல."

"காமெடிப் படம்னு மொதல்லயே தெரியுமா உனக்கு?"

தெரியும்னு தலைய ஆட்டுனான். "சொல்லியிருந்தா நீ அப்படி அழுதிருப்பியாக்கா?"

கோவமா சொல்லல, கெஞ்சல. சாம்பாருக்கு உப்பு கேக்கற மாதிரி சாதாரணமாச் சொன்னான். அதுதான் எனக்கு இன்னி வரைக்கும் ஆறல. பணத்த ஏமாத்துனவன மன்னிச்சிடலாம். இவன் என் புருசன் சாவ உள்ள பூந்து எடுத்துட்டுப் போயி வித்துட்டான். அன்னிலேர்ந்து அவன்கூடப் பேச்ச விட்டுட்டேன்.

படம் ஓடுச்சோ இல்லியோ, அந்தத் துண்டு மட்டும் எல்லார் போன்லயும் ஓடுச்சி. ஜெராக்ஸ் எடுக்க வர்ற காலேஜ் பசங்க, "அக்கா, அந்த விசில் டயலாக்க ஒரு தடவ சொல்லுங்க"ன்னு நிப்பானுங்க. ஒருத்தன் மேல ஸ்டேப்ளர வீசிட்டேன். அவன் அதுக்கும் சிரிக்கறான். அந்தப் புள்ளைங்களச் சொல்லி என்ன பண்றது, அதுங்களுக்கு அது காமெடின்னுதானே காட்டுனாங்க.

இந்த மாசியில அம்மா செத்துப் போச்சி. தூக்கத்துலயே போயிடுச்சி. நான் சாவு இல்லாத வீட்ல அழுததாலதான் இப்படின்னு ஊர்ல பேசுனாங்க. நான் நம்பல. அதுக்கு வயசாயிடுச்சி.

கீரப்பாளையத்துல எங்க பொறந்த வீட்டு நடுவுல போட்டிருந்தாங்க. எங்க வழக்கத்துல மூத்த பொண்ணுதான் அழுகைய மொதல்ல எடுக்கணும். அவ எடுத்தப்பறம்தான் மத்தப் பொம்பளைங்க சேந்துக்குவாங்க. எல்லாரும் எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காங்க. வெளிய மோளம் அடிக்குது, உள்ள ஒரு சத்தம் இல்ல. அம்மாவுக்குச் சொல்ல எனக்கு எவ்ளோ இருந்திச்சி. நெஞ்சு முட்ட இருந்திச்சி.

"என்னப் பெத்த செல்லாயி"ன்னு ஆரம்பிச்சேன்.

கதவோரம் ஒரு சின்னப் பொண்ணு சட்டுனு செவுத்துப் பக்கம் திரும்பிக்கிச்சி. தோளு குலுங்குது. அழல அது. பக்கத்துல இருந்தவ தொடையக் கிள்றா, கிள்றவளுக்கே ஒதடு நிக்கல. சன்னல்ல ஒருத்தன் வீடியோ எடுக்க செல்போனத் தூக்கிப் புடிச்சிட்டான். நான் வாய மூடிக்கிட்டேன்.

அம்மா கால்மாட்டுல உக்காந்திருந்த அறிவழகனும் அதப் பாத்துட்டான். தேம்பிக்கிட்டே முட்டி போட்டு நகந்து எங்கிட்ட வந்தான்.

"அக்கா, அம்மாவுக்கு ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்புக்கா. சும்மா போவுதுக்கா. உன் கால்ல விழறேன்."

அவன் மூஞ்சியப் பாத்தேன். சின்ன வயசுல சாமி ஊர்வலத்துல காணாமப் போயி திரும்பக் கெடச்சப்ப அழுத மூஞ்சி. என் தம்பிதான். என் கை தானா அவன் தலைகிட்ட போச்சி, இழுத்துக்கிட்டேன்.

"என் அழுகை உன் போன்லதான்டா இருக்கு. எடுத்துப் போட்டு விடு"ன்னேன்.

எங்கம்மாவ ஒரு வார்த்தை இல்லாமத்தான் தூக்கிட்டுப் போனாங்க.