சுவரைப் பார்த்த நாற்காலி

பாட்டு டீச்சர் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துச் சுவரைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் உங்க மூஞ்சியைப் பாக்க மாட்டேன், நீங்களும் என் மூஞ்சியைப் பாக்க வேண்டாம். ஒவ்வொருத்தியா வந்து நம்பரைச் சொல்லி, நாலு வரி பாடிட்டுப் போங்கடி."

ஒன்பதாம் வகுப்புக்கு இதைவிட நல்ல சேதி ஏது? போன தேர்வில் டீச்சருக்கு எதிரே நின்று பாடியபோது ஒருத்திக்கு விக்கல் வந்தது, ஒருத்தி அழுதாள், இன்னொருத்தி பயத்தில் பாட்டை மறந்து, ஏழாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டு ஒப்பித்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகுதான் டீச்சருக்கு இந்த யோசனை.

வெளியே வராந்தாவில் வரிசை நின்றது. நடுவில் கடுகு. ஆள் அந்த உயரம், அதனால் அந்தப் பெயர். ஆனால் அந்தச் சின்னத் தொண்டைக்குள் பள்ளிக்கூடமே குடியிருந்தது. தலைமையாசிரியையின் இருமல், காவலாளியின் கொட்டாவி, எல்லாம் அச்சாக வரும்.

"கடுகு, எனக்குப் பதிலா நீ போயேன்டி," என்று குனிந்து காதைக் கடித்தாள் ஒட்டகம். வகுப்பிலேயே நெட்டையானவள்.

"ஐயையோ, மாட்டிப்பேன்."

"டீச்சருக்கு முதுகுலயா கண்ணு?"

அதுவும் சரிதான். கடுகு உள்ளே போனாள். ஒட்டகத்தின் கனத்த குரலில் நம்பரைச் சொன்னாள், பாடினாள். என்ன ஆச்சரியம், ஒரு இடத்திலும் தடுக்கவில்லை! வெளியே வந்தால் வாத்து என்கிற இன்னொருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்காக மூக்கால் பாடினாள். பிறகு தூங்குமூஞ்சிக்காகச் சோம்பல் முறிப்பது போல இழுத்து இழுத்து. அடுத்தவள் பெயரில் நிற்கும்போது பயம் என்பதே இல்லை. சறுக்கினால் ஒட்டகமல்லவா சறுக்கினாள்.

கடைசியில் அவள் முறை வந்தது. சொந்தக் குரலில் சொந்த நம்பரைச் சொன்னதுமே பயம் திரும்பி வந்தது. நாலு வரியும் நொண்டியடித்தன.

"பரவாயில்ல," என்றாள் டீச்சர் சுவரிடம். "அடுத்தது யாரு?"

மறுநாள் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்குப் போகிற ஆறு பேரின் பெயரை டீச்சர் படித்தாள். ஒட்டகம் உண்டு, வாத்து உண்டு, தூங்குமூஞ்சி உண்டு. கடுகு இல்லை.

கடுகின் அம்மா தையல்காரி. போட்டிச் சட்டை அவளிடம்தான் தைக்க வந்தது. மிஷினுக்குப் பக்கத்தில் மூன்று பேரும் வரிசையாக நின்று அளவு கொடுத்தார்கள்.

"கையைத் தூக்குடி, ஒட்டடைக் கம்பு மாதிரி வளந்திருக்கே," என்று ஒட்டகத்தை அளந்துகொண்டே அம்மா கடுகைக் கேட்டாள். "ஏன்டி, வீட்ல ராத்திரி பகல்னு இல்லாம கத்தறது நீ. பேரு வந்தது இவளுகளுக்கா?"

"அவங்க நல்லாப் பாடினாங்கம்மா."

வாத்து சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் வாசலுக்கு ஓடினாள். கடுகுக்குச் சிரிப்பு வரவில்லை. பாடுகிறவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து ஆசை. உண்மையைச் சொன்னால் மூன்று பேரும் மாட்டுவார்கள். சொல்லாவிட்டால் வெளியே நிற்க வேண்டியதுதான்.

முதல் ஒத்திகையில் மூன்று பேரும் வாயைத் திறந்தார்கள். துருப்பிடித்த கீல் மூன்று ஒரே நேரத்தில் திறந்தது போல இருந்தது. டீச்சர் பாவம், மலைத்துப்போனாள். அப்புறம் அவளுக்கே விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

"என் மூஞ்சியைப் பாத்தாத்தானே பயம்? சரி!" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டாள்.

அவள் திரும்பியதும் ஒட்டகம் பின்கதவைத் திறந்துவிட்டாள். வெளியே காத்திருந்த கடுகு நுழைந்தாள். முதல் வரி ஒட்டகத்துக்கு, இரண்டாவது வாத்துக்கு, மூன்றாவது தூங்குமூஞ்சிக்கு. மூன்றையும் கடுகே பாடினாள். மற்றது ஆறு பேரும் சேர்ந்து பாடுவது. அதில் இந்த மூவரும் மூச்சே விடவில்லை. முடிந்ததும் கடுகு வெளியே போய்விடுவாள். "சபாஷ்டி ஒட்டகம்!" என்பது கதவுக்கு அந்தப் பக்கம்தான் அவள் காதில் விழும்.

இப்படியே ஓடியது வண்டி, தலைமையாசிரியை கேட்க வரும் வரை.

"பாட்டு நல்லாயிருந்தா அனுப்பறேன். இல்லேன்னா அந்த நேரத்துல கணக்குப் போடட்டும்," என்று சொல்லிக்கொண்டே வந்தார். உள்ளே பார்த்தால் இரண்டு நாற்காலிகள் சுவரைப் பார்த்துக் கிடந்தன.

"என்னம்மா இது?"

"மேடம், கோச்சுக்காதீங்க. மூஞ்சியைப் பாத்தா இவங்களுக்குப் பாட்டு வராது."

"அப்போ போட்டியில வர்ற ஜனமெல்லாம் முதுகைக் காட்டிட்டு உக்காரணுமா?"

டீச்சர் இரண்டாவது நாற்காலியைத் துடைத்துவிட்டாள். தலைமையாசிரியை முணுமுணுத்துக்கொண்டே சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கடுகு வழக்கம்போல உள்ளே வந்தாள்.

பாட்டு ஆரம்பித்தது. பயத்தில் டீச்சர் அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தையும் காதால் தடவித் தடவிக் கேட்டாள். ஒட்டகம் தன் வரியின் நடுவில், நீளமான சொல்லுக்கு முன்னால், 'ஹுக்' என்று மூச்சை இழுத்தாள். வாத்தும் தன் வரியில் நீளமான சொல்லுக்கு முன்னால் அதே 'ஹுக்'. தூங்குமூஞ்சியும். குரலை மாற்றிக்கொள்ளலாம், மூச்சு வாங்குகிற இடத்தை யார் மாற்றிக்கொள்கிறார்கள்? தேர்வன்று நொண்டிய கடுகின் குரலும் அப்படித்தான் மூச்சு வாங்கியது.

பக்கத்தில் தலைமையாசிரியை, "பரவாயில்லையே!" என்றார். சும்மா இருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆனால் போட்டி மேடையில் நாற்காலியைத் திருப்பிப் போட முடியாது. டீச்சர் ஒரு கணம் கண்ணை மூடினாள்.

"நிறுத்துங்க. கடுகு, நீ மட்டும் பாடு."

பின்னால் வாத்து கடுகைக் கதவுப் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு முதுகுல கண்ணு இல்லடி, காது இருக்கு. பாடு."

கனத்த குரலில் முதல் வரி வந்தது.

"அது ஒட்டகம். உன்னைக் கேட்டேன்."

மூக்கால் வந்தது.

"அது வாத்து."

"நான் இல்ல டீச்சர்!" என்று நிஜ வாத்து அலறினாள். எல்லாரும் குபீரென்று சிரித்தார்கள். கடுகும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வரி தானாகக் கிளம்பியது. மெல்லிய குரல், விளிம்பில் கொஞ்சம் சொரசொரப்பு. ஒட்டகத்துடையதும் இல்லை, யாருடையதும் இல்லை. இரண்டாவது வரியில் லேசாக நடுங்கி, விழாமல் நிமிர்ந்தது.

"யாரும்மா அது?" என்று தலைமையாசிரியை கழுத்தைத் திருப்பப் போனார்.

டீச்சர் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "திரும்பாதீங்க மேடம். இன்னும் ரெண்டு வரி இருக்கு."

பள்ளிக்கூடத்தையே நடுங்க வைக்கிற அந்த அம்மாள், கண்ணாமூச்சியில் கண்ணைப் பொத்திக்கொண்ட குழந்தை மாதிரி, கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, சுண்ணாம்பு உதிர்ந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.