காலுக்குச் செய்த கருவி

வாருங்கள், திருக்கோகர்ணத்தில் ஒரு வீட்டுப் பூசை அலமாரியின் முன்னால் வந்து நில்லுங்கள். ஓர் அநீதிக்குச் சாட்சி வேண்டும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், சாமி படங்களுக்கு நடுவே, கத்தரிப்பூ நிறத்தில் உள்ளங்கையளவு இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் நெற்றியில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம், எதிரே எலுமிச்சம்பழம். அது ஒரு கைதி என்றால் நம்பமாட்டீர்கள். மாலை போட்டுவிட்டால் கைதியையும் தெய்வம் என்றே அழைத்துப் பழகியவர்கள் அல்லவா நாம்!

அதற்கு உரியவள் சிவரஞ்சனி. ஆலங்குடியில் கூட்டுறவு வங்கி ஊழியர், மாலையில் கிட்டார்க்காரி. திருமணத்துக்கு முன்பே, தன் சொந்தச் சம்பளத்தில், திருச்சி மெல்லிசைக் குழுக் கலைஞர் ஒருவரிடம் அந்த டிலே பெடலை வாங்கினாள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில் செய்தது. கிட்டாரை அதில் இணைத்து, காலால் ஒரு மிதி மிதித்தால் போதும். வாசித்த ஒலி பின்னாலேயே திரும்பத் திரும்ப ஒலிக்கும்.

புதிய கருவிகளும் அதைச் செய்யும். ஆனால் அவை கிளிப்பிள்ளைகள். சொன்னதை அச்சுப் பிசகாமல் சொல்லும். இதுவோ ஒவ்வொரு முறையும் சற்றே மங்கி, சற்றே கனிந்து, குன்றைச் சுற்றிப் போகிறவன் திரும்பித் திரும்பிக் கூப்பிடுவதுபோல் ஒலித்தது. ஏன் மங்குகிறது? எங்கே போய் மங்குகிறது? அந்த 'ஏன்' அவளைத் தூங்கவிடவில்லை. திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்தாள், படித்தாள், மறுபடி பூட்டி மறுபடி மிதித்தாள். தெரிந்த பிறகும் வியப்பு குறையவில்லை.

பிறகு ஆயுத பூசை வந்தது. மாமனார் நாகராசு, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், வீட்டிலிருந்த அரிவாள்மனைக்கும் மிக்சிக்கும் மருமகளின் பெடலுக்கும் பேதம் பாராமல் பொட்டு வைத்தார். பூசை முடிந்தது. அரிவாள்மனை அடுக்களைக்குத் திரும்பியது. பெடல் மட்டும் திரும்பவில்லை.

"சந்தனம் வச்ச பொருளை இனி காலால மிதிக்கலாமா, ஆத்தா?" என்றார் நாகராசு. "ஒரு புத்தகத்துல கால் பட்டாலே கண்ணுல ஒத்திக்கிறோம்."

கணவன் சரவணக்குமாருக்குப் பக்தி வேறு திசையிலிருந்து வந்தது. பழைய பொருள் சேகரிப்போர் குழுவொன்றில் பெடலின் படத்தைப் போட்டிருந்தான். நூறு பேர் வாய் பிளந்திருந்தார்கள். "யூஸ் பண்ணப் பண்ணத் தேஞ்சுரும், ரஞ்சனி. ஒயரோட அப்புடியே இருக்கட்டும். பாக்க அம்சமா இருக்கு" என்றான். தகப்பனுக்குக் கற்பூரம், மகனுக்குக் கைப்பேசி. இருவருமாகப் பூட்டினார்கள்.

கால் தாழ்ந்தது என்று யார் சொன்னது? மனிதரையே தலையில் பிறந்தவர், காலில் பிறந்தவர் என்று கூறுபோட்ட சாத்திரம் சொன்னது. நாட்டைச் சுமந்து நிற்பது கால். ஆனால் தொடுவதற்குத் தகுதி இல்லாததும் கால்! அந்தப் பழைய பொய், இந்தப் பெட்டியின் மேலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மாசி மாதத்தில் ஒருநாள் தோழி செல்வராணி அழைத்தாள். ஆலங்குடி நூலக விழாவில் ஞாயிறன்று அவள் பாடுகிறாள், கிட்டார் சிவரஞ்சனி. "அந்தக் கத்தரிப்பூப் பெட்டி வந்தாத்தான் நான் ஒங்கூடப் பாடுவேன். இல்லாட்டி வாசிக்க வேற ஆள் பாத்துக்குறேன், தாயி" என்று சிரித்தாள். சிரித்தாலும் சொன்னது சொன்னதுதான். சிவரஞ்சனி ஏறும் முதல் மேடை அது.

அன்று மாலை அவள் நாகராசுவின் எதிரில் வந்து நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு ஆத்தா."

"பஸ் ஓட்டயில ஆயுத பூசைக்கு வண்டிக்கெல்லாம் பொட்டு வைப்பீங்களாமே?"

"பின்ன? டிப்போவுலயே நம்ம வண்டிதான் மாப்பிள்ளை கணக்கா நிக்கும்."

"பிரேக்குக்கும் வைப்பீங்களா?"

"அதுக்குத்தான் மொதப் பொட்டு. அம்புட்டுப் பேரு உசுரும் அதுலதான இருக்கு!"

"மறுநாளு அதைக் கையாலயா அமுக்குனீங்க?"

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியார் ராக்காயி குலுங்கிச் சிரித்தார். "ஆமாடி, கட்டுமாவடி பஸ்ஸைக் குனிஞ்சு கையாலதான் நிப்பாட்டுனாரு ஒங்க மாமா!"

"அப்பா, அது வேற, இது வேற," என்று இடைமறித்தான் சரவணக்குமார். "இது கெடைக்காத பீஸு."

"சும்மா இருடா," என்று எழுந்தார் நாகராசு. அலமாரிச் சாவி அவர் இடுப்பிலிருந்து வெளியே வந்தது.

பெடலைக் கையில் எடுத்துத் திருப்பினாள் சிவரஞ்சனி. அவள் முகம் மாறியது. அடித்தகட்டின் விளிம்பில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. ஒயர் செருகியிருந்தால் இந்தப் பெட்டி அணையாது; அப்படியே கிடந்ததால் உள்ளிருந்த பேட்டரி சொட்டுச் சொட்டாகத் தீர்ந்து, செத்து, கசிந்து, தன் கூட்டையே அரித்திருந்தது.

"தொடவே இல்லையே!" என்றான் சரவணக்குமார்.

"தொடாததுனாலதாங்க."

தேய்ந்துவிடும் என்று அஞ்சியே பூட்டினார்கள்; பூட்டியதே அரித்துவிட்டது. அவன் தலை கவிழ்ந்தது.

அவள் அழவில்லை. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்கும் ஆவலே முந்தியது. தகட்டைத் திறந்தாள். பேட்டரியின் ஒயர் இற்றுப்போயிருந்தது. ஆனால் கசிவு மின்பலகையின் ஓரம் வரை வந்து நின்றிருந்தது. அவள் கை சாமி முன்னாலிருந்த எலுமிச்சைக்கு நீண்டது.

"ஏய், அது சாமி பழம்டி!"

"பேட்டரி கக்குன காரத்துக்குப் புளிப்புத்தான் மாத்து, அத்தை."

ராக்காயி அரிவாள்மனையைத் தானே நகர்த்திக் கொடுத்தார். "நறுக்கு. நாளைக்கு வேற வச்சுக்கலாம்."

சாற்றில் நனைத்த பஞ்சால் துடைத்தாள். ஸ்பிரிட் தடவி உலரவிட்டாள். பேட்டரிக்குப் பதிலாக அடாப்டரைப் பொருத்தி, தரையில் வைத்து மிதித்தாள். ஒன்றுமில்லை. மறுபடி மிதித்தாள். கரகரப்பு. அதன் திருகுக் குமிழைப் பலமுறை முன்னும் பின்னும் சுழற்றி, மூன்றாம் முறை மிதித்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரே ஒரு தந்தியைச் சுண்டினாள். ஒலி எழுந்து, திரும்பி, மங்கி, இன்னும் மங்கிக் கூடத்தின் மூலைக்குப் போயிற்று.

"அது ஏன் ஆத்தா போகப் போக மங்குது?" நாகராசு குனிந்து கேட்டார். அவளைத் தூங்கவிடாத அதே கேள்வி.

"கூரை தீப்பிடிச்சா வரிசையா நின்னு குடத்தைக் கைமாத்துவாங்கள்ல மாமா? உள்ளுக்க அப்புடித்தான். பொடிப் பொடியா ஆயிரக்கணக்குல அறை இருக்கு. ஒண்ணு இன்னொண்ணுகிட்ட ஒலியைக் குடுக்குது. அந்த நேரந்தான் தாமதம். போயிட்டுத் திரும்பி வந்து, அதே வரிசையில மறுபடி நிக்குது."

"அப்ப ஒவ்வொரு கையிலயும் கொஞ்சம் தளும்பிச் சிந்துமே?"

"அதான் மங்குது!" என்று தந்தியை மறுபடி சுண்டினாள்.

நாகராசு நிமிர்ந்தார். கிளச்சையும் பிரேக்கையும் மிதித்தே ஆயுளைக் கழித்த வெறுங்காலை மெல்லத் தூக்கினார். சந்தனப் பொட்டின் மேல் வைத்து அழுத்தினார். எதிரொலி சட்டென்று நின்றது.

"அட, நம்ம பிரேக்கு மாதிரியே புடிக்குது!" என்றார்.

ஞாயிறன்று ஆலங்குடியில் செல்வராணி பாடினாள். சிவரஞ்சனியின் குதிகால் பட்டுப் பட்டு அந்தப் பொட்டு அழிந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நாகராசு, அவள் மிதிக்கும்போதெல்லாம் தன் வலது காலையும் தரையில் அழுத்திக்கொண்டிருந்தார்.

சாட்சிகளே, கேட்டது போதும், புறப்படுங்கள்! உங்கள் வீட்டிலும் ஓர் அலமாரி இருக்கிறது. அதற்குள் வீட்டுப் பெண் தைத்த தையல் இயந்திரமோ, அவள் ஆடிய சலங்கையோ, அவள் ஓட்டிய வண்டியின் சாவியோ, மரியாதை என்ற பெயரில் அரிபட்டுக்கொண்டிருக்கிறது. சாவியைத் தேடுங்கள். திறவுங்கள். உள்ளே பேட்டரி இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். பிறகு அந்தப் பொருளை உரியவளிடம் கொடுங்கள்; அவள் அதைக் கையில் எடுத்தாலும் சரி, காலின் கீழ் வைத்தாலும் சரி!