இஸ்க்ராவின் பன்னிரண்டாவது மாதம்

விதின் நகரத்து அடுமனையில் பனிட்சா என்ற பாலாடைக்கட்டி அடைக்கு மாவை மெல்லிசாக விரிப்பதில் இஸ்க்ராவை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அவள் சம்பளம் ஐரோப்பிய நிதியிலிருந்து வந்தது. ஓராண்டாக வேலையில்லாமல் கிடப்பவர்களுக்கு ஓராண்டுச் சம்பளம், அவ்வளவுதான். அது இன்றோடு முடிந்தது.

முதலாளி கலோயன் தலையைச் சொறிந்தார். "நாளைலேருந்து வேலைவாய்ப்பு ஆபீஸ்ல வேற பொண்ண அனுப்புறாங்கம்மா."

"அவளுக்கு மாவு விரிக்கத் தெரியுமா?"

"எங்க தெரியும்? நீதான் ஒரு எட்டு வந்து சொல்லிக் குடுக்கணும்."

"கைக்காசப் போட்டு என்னையே வெச்சுக்கக் கூடாதாக்கும்."

"ஓசியில ஆள் வர்றப்ப நான் ஏன் போடணும்? கோவிச்சுக்காத. அடுத்த வருஷம் உன்னையே கேட்டு வாங்குறேன்."

வாசல்வரை வந்தவர், அக்கறையோடு சொன்னார்: "அதுவரைக்கும் தப்பித்தவறிகூட வேற வேலைக்குப் போயிடாத. அப்புறம் வேலையில்லாதவங்க லிஸ்ட்லேருந்து உன் பேர எடுத்துருவாங்க."