நாற்பத்திரண்டாம் அளவு பூட்ஸ்

மலையேற வந்தவர்களின் ஆறு ஜோடிக் காலணிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து ஜோடிதான் இருந்தன. இஜ்ஜா மறுபடி எண்ணினாள். சாப்பாட்டுக் கூடாரத்தின் கம்பள ஓரத்தில், பனியில் நனைந்து, வரிசையாக ஐந்து ஜோடிகள். காணாமல் போனது பல் மருத்துவர் வீதாத்தினுடையது. நாற்பத்திரண்டாம் அளவு. இடது காலுக்குப் பச்சைக் கயிறு, வலது காலுக்குப் பழுப்புக் கயிறு.

"உள்ள வச்சுப் படுங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்று கோவேறு கழுதைக்காரன் இத்தெரிடம் கேட்டாள்.

"அவங்க கிட்டச் சொன்னே. எங்கிட்டச் சொல்லலையே. அவங்க கழட்டிப் போட்டுட்டு வெறுங்கால்ல தூங்கற கூடாரத்துக்கு ஓடிட்டாங்க. அலங்கோலமாக் கிடந்துச்சு, நான்தான் அடுக்கி வச்சேன். வாசல்ல கிடக்கிற செருப்பை யாராவது தொடுவாங்களா?"

"இது வாசலாண்ணே? இது கூடாரம்."

"கம்பளம் விரிச்சா வாசல்தான்" என்றான் இத்தெர். அவன் குரலில் துளிச் சந்தேகமில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் அவள் வளர்ந்த வீட்டிலும் அப்படித்தான்.

மற்ற எல்லாவற்றையும் அவள் சரியாகத்தான் செய்திருந்தாள். பைகளைக் கூடாரத்தின் ஓரத்தில் வைக்கவிடவில்லை. துணியைக் கத்தியால் கிழித்துக் கையை நுழைப்பவன் ஓரத்தில்தான் நுழைப்பான். பை நடுவில் இருந்தால் அவன் தோள்வரை உள்ளே வந்தாக வேண்டும், அதற்குள் ஆள் விழித்துக்கொள்ளும். பணமும் அடையாள அட்டையும் தூங்கும் உறைக்குள், காலடியில். தலையணைக்கு அடியில் வேண்டாம், எல்லோரும் முதலில் தேடுவது அங்கேதான். கழுதைகளைப் பாதை வந்து சேரும் பக்கமாகக் கட்டினாள். நாய் பழகிவிட்டால் குரைக்காது; கழுதை அப்படியில்லை, புது ஆள் வாசனைக்கு ஒவ்வொரு தடவையும் மூக்கால் சீறும். கட்டி என்ன பயன்? இத்தெர் அண்ணனுக்கு அந்தச் சீறல் தாலாட்டு.

ஆனால் இதெல்லாம் இரண்டாம் பட்சம். முதல் பாதுகாப்பு, கூடாரம் எந்த மண்ணில் நிற்கிறது என்பது. ஊர்க் களத்தில் அனுமதி கேட்டுக் கூடாரம் அடித்தால் நீ அந்த ஊரின் விருந்தாளி. உன் ஊசி தொலைந்தாலும் அது ஊருக்கே அவமானம். ஊரே தேடிக் கொண்டுவரும். நேற்று மேலூரான தஸ்காவின் களம் முழுக்கப் பார்லிக் கதிர் பரப்பிக் கிடந்தது. ஒரு ராத்திரிதானே என்று ஓடைக்கரை அக்ரூட் மரத்தடியிலேயே கூடாரம் அடிக்கச் சொல்லிவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. கீழூருக்கும் மேலூருக்கும் நடுவில், யாருக்கும் விருந்தாளியாக இல்லாமல் படுத்தார்கள். அந்தத் தப்பு அவளுடையது.

வீதாத் கம்பளிக் காலுறையோடு வந்து நின்றாள். "இஜ்ஜா, என் பூட்ஸ் எங்கே?"

"தேடிட்டிருக்கோம், லல்லா வீதாத்" என்றாள், 'லல்லா' என்ற மரியாதையை விடாமல்.

"தேடறதா? திருடு போயிடுச்சுன்னு சொல்லு. இன்னிக்குக் கணவாய் ஏறணும். என் கால் அளவுக்குத் தலைநகர் ரபாத்துலயே கடை கடையா அலையணும். இங்க யார் தருவா? ஏறலைன்னா திரும்பிப் போறதுதான். போய் உங்க ஆபீஸ்ல பேசறேன்."

ஆபீஸில் பேசினால் என்ன ஆகும் என்று இஜ்ஜாவுக்குத் தெரியும். ஆறு வருடம் மலையேறும் குழுக்களுக்குச் சமைத்த பிறகு, இதுதான் அவள் தலைமையேற்று நடத்தும் முதல் பயணம். குழு பாதியில் திரும்பினால் மறுபடி சமையல் கூடாரம்தான் என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்தது மட்டும்தான் விளையாட்டு.

ஓடைக்கு அந்தப் பக்கம் கீழூர்க்காரர் ஒருவர் வாய்க்கால் மடையைத் திறந்துகொண்டிருந்தார். கேட்டாள்.

"தண்ணிக்கு இந்தப் பக்கம் வந்து படுத்திருந்தா நான் பொறுப்பு" என்றார் அவர், மண்வெட்டியை நிறுத்தாமல். "நீங்க படுத்தது தஸ்காக்காரன் பக்கம்."

"மரம் உங்க ஊரோடதுன்னு சொல்றாங்களே."

"மரம் எங்களது. நிழல் அவங்களது. நீ படுத்தது நிழல்ல."

ராத்திரியில் ஏது நிழல் என்று கேட்க நினைத்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கணவாயின் சரளைச் சரிவை மதியத்துக்குள் தாண்டாவிட்டால் மேகம் வந்துவிடும். மேல்நோக்கி நடந்தாள்.

தஸ்காவின் ஊர்ப் பொறுப்பாளர் பாஸ்ஸு வாசலிலேயே நின்றார், அவள் வருவதைக் கூரையிலிருந்து யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

"பாஸ்ஸு மாமா, ஒரு புகார்..."

"முதல்ல உள்ள வா."

"நேரமில்லை மாமா. நின்னுக்கிட்டே சொல்லிடறேன்."

"நின்னுக்கிட்டா? உங்க அப்பா இந்த வீட்ல எத்தனை தடவை உட்கார்ந்திருக்கார் தெரியுமா? அவர் பொண்ணு வாசல்ல நின்னு பேசிட்டுப் போனான்னு நாளைக்குச் சந்தையில என்னைத் துப்புவாங்க. ரக்கியா, ரொட்டி கொண்டா."

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும் என்று இஜ்ஜாவுக்குத் தெரியும். ரொட்டியைத் தொடும் முன்பே வந்த விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். தொட்டபின் அந்த வீட்டின் மேல் குற்றம் சொல்ல முடியாது. அந்த வீடும் உன்மேல் சொல்ல முடியாது. எழுதாத சட்டம், ஆனால் சர்க்கார் எழுதியதை மீறுபவன்கூட இதை மீறமாட்டான். காலணியைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் உட்கார்ந்தவுடன் ஆரம்பித்தாள். "மாமா, நேத்து ராத்திரி எங்க..."

"தின்னுட்டுப் பேசு. பசியோட பேசினா பேச்சு கசக்கும்" என்றபடி அவர் மனைவி ரக்கியா சூடான பார்லி ரொட்டியைப் பிய்த்து, ஆலிவ் எண்ணெயில் தோய்த்து, அவள் கையிலேயே திணித்துவிட்டாள். கையில் கொடுத்ததை எப்படிக் கீழே வைப்பது? இஜ்ஜா வாயில் போட்டாள். எண்ணெய் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாம் வாய் மெல்லும்போது வீட்டு மகன் அம்னாய் வெளியிலிருந்து வந்தான். "ஸலாம்" என்று அவளைப் பார்க்காமலே சொல்லி, கம்பள ஓரத்தில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து தேநீருக்குக் கை நீட்டினான். ஒரு பூட்ஸில் பச்சைக் கயிறு. மற்றதில் பழுப்பு.

இஜ்ஜாவால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"என்னமோ புகார்னியே?" என்றார் பாஸ்ஸு.

"ஒண்ணுமில்லை மாமா." பூட்ஸிலிருந்து பார்வையை எடுத்தாள். "எங்க பொருள் ஒண்ணு காணோம். ஓடைக்கரையில."

"ஓடைக்கரையா? அங்க ஏன் படுத்தே? கேட்டிருந்தா ஒரு மூலையில கதிரை ஒதுக்கிக் கொடுத்திருப்பேன். கேட்டியா?"

"கேட்கலை."

"கேட்காம படுத்தா யாருன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆகாசத்துலேருந்து விழுந்தவன் சாமானுக்கு யார் காவல்?" அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கோபம் இன்னும் ஏறியது. இரண்டடி தூரத்தில் பூட்ஸ் கிடக்கிறது. நாக்கில் ஆலிவ் எண்ணெய் கிடக்கிறது.

"ஊருக்குள்ள சொல்லி வைக்கறேன்" என்றான் அம்னாய், மிக நல்ல பிள்ளையாக. "கீழூர்க்காரப் பசங்களாத்தான் இருக்கும்."

அந்த வார்த்தைதான் அவளை எழுப்பியது. மரியாதைக்கு மூன்று கோப்பைத் தேநீரையும் குடித்து முடித்தாள், வீட்டுக்கு நன்மை வேண்டினாள், கம்பள ஓரத்துக்கு வந்தாள். அவளுடைய பூட்ஸ் அங்கே இருந்தது, முப்பத்தெட்டாம் அளவு, புதிது. அதற்குப் பக்கத்தில் வீதாத்தினுடையது. இஜ்ஜா குனிந்து நாற்பத்திரண்டுக்குள் காலை விட்டாள். மெதுவாக, எல்லோரும் பார்க்கும்படி, பச்சைக் கயிற்றைக் கட்டினாள். பிறகு பழுப்பை.

"அது..." என்றான் அம்னாய்.

"எது?" என்றார் பாஸ்ஸு.

அம்னாய் வாயைத் திறந்து மூடினான். என்னுடையது என்றால் எங்கே வாங்கினாய் என்று அப்பா கேட்பார். விருந்தாளி மாற்றிப் போட்டுக்கொள்கிறாள் என்றால், ரொட்டி தின்றவள்மேல் வீட்டுக்காரனே குற்றம் சொன்னதாகிவிடும். பாஸ்ஸு கீழே பார்த்தார். மீன்பிடிப் படகுபோல அவள் காலில் நின்ற பூட்ஸையும், தனியாகக் கிடந்த சின்ன ஜோடியையும், மகன் முகத்தையும் வரிசையாகப் பார்த்தார். அவர் காது மடல் சிவந்தது.

"போற வழி கல்லு" என்றார். "கயித்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கோ, மகளே."

இஜ்ஜா தன் ஜோடியையும் கையில் எடுத்துக்கொண்டால் அது மாற்றிப்போட்ட தவறாக இருக்காது, மீட்டுப்போனதாக இருக்கும். அந்த வீட்டில் திருட்டு நடந்தது என்று சொன்னதாக இருக்கும். ஆகவே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அடுத்த சந்தை நாளில் யாரிடமாவது அந்த ஜோடியைத் துணியில் சுற்றி, ஒரு வார்த்தையும் இல்லாமல் கொடுத்தனுப்புவார் பாஸ்ஸு. ஆனால் சந்தைக்கு நான்கு நாள் இருந்தது, கணவாய் இன்றைக்கு.

தடக் தடக்கென்று இறங்கி வந்தவளைப் பார்த்து இத்தெர் சிரித்துவிட்டான். அவள் முகத்தைப் பார்த்ததும் கழுதைக்குச் சேணம் இறுக்கப் போய்விட்டான்.

வீதாத் பூட்ஸை வாங்கி உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். "ஈரமா இருக்கே. எங்க இருந்துச்சு? யார் எடுத்தது?"

சொல்லலாம். சொன்னால் ஆபீஸில் அவள் வீராங்கனை. சொன்னால் தஸ்காவில் இனி அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது, கிடைக்கவும் கூடாது.

"யாரோ இருட்டுல மாத்திப் போட்டுட்டாங்க."

"யாரோன்னா? உன் கழுதைக்காரனா?"

"யாரோ" என்றாள் இஜ்ஜா.

"எனக்கு என்னவோ சரியாப் படலை. இவ்வளவு பெரிய பூட்ஸை மாத்திப் போடறவன், கால் சும்மா ஆடுதேன்னு பார்க்க மாட்டானா?"

இத்தெர் நிமிர்ந்து பார்த்தான். பழி தன்மேல் நிற்பது அவனுக்குச் சுருக்கென்றிருக்கும். இஜ்ஜா அவனிடம் போய் மாற்றுக் காலணி இருக்கிறதா என்று கேட்டாள். பையின் அடியிலிருந்து ஒரு ஜோடிப் பிளாஸ்டிக் செருப்பை எடுத்துக் கொடுத்தான். குதிகால் பக்கம் கம்பியால் தைத்திருந்தது.

ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பினார்கள். சரளைச் சரிவின் அடியில் நின்று அவள் எல்லோருக்கும் சொன்னாள்: இன்றைக்கு எங்கே தங்கினாலும் முதலில் நான் போய் ஊரில் கேட்டுவிட்டு வருவேன், அதுவரை யாரும் மூட்டையை இறக்கக் கூடாது. படுக்கும்போது காலணி தலைமாட்டில், கூடாரத்துக்குள்ளே.

"பூட்ஸ் கட்டாயம்னு எங்களுக்கெல்லாம் பட்டியல் அனுப்பினாங்க" என்றாள் வீதாத், அவள் காலைப் பார்த்து. "வழிகாட்டிக்கு அனுப்பலை போல."

மற்றவர்கள் சிரித்தார்கள். இஜ்ஜா திரும்பி ஏறத் தொடங்கினாள். நாலாவது அடியிலேயே செருப்புக்குள் ஒரு கல் நுழைந்தது. குனிந்து எடுக்கவில்லை. எடுத்தால் அடுத்தது வரும். கணவாய்க்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.